யார் எண்ணுவது?

திருப்போரூர் கந்தசாமி கோயிலில் தாலி கட்டிய நண்பர் அவர். முருகன் அசுரர்களோடு போரிட்ட ஊர் என்பது ஐதீகம். 'கல்யாணத்துக்கு இந்த ஊர்தானா கிடைச்சுது?' என்று அன்றே கிண்டல் செய்தோம்.

பத்தாவது கல்யாண நாளுக்கு ஜோடியாகக் கொடைக்கானல் போனார்கள். 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப். பனி, புல்வெளி, சமயத்தில் மேய வரும் காட்டுமாடுகள். இறங்கும்போது காரில் சண்டை.

'மூணு நாளும் குச்சியும் பந்துமா நின்னீங்க!'

'நீ மட்டும்? போனை விட்டு நிமிர்ந்தியா?'

கோல்ஃபில் ஒரு விசேஷம். கூடவே நடக்கிற அம்பயர் பெரும்பாலும் கிடையாது. தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். 1925 அமெரிக்க ஓப்பனில், பந்து லேசாக அசைந்துவிட்டது என்று தனக்குத்தானே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார் பாபி ஜோன்ஸ். மற்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டம் சமனாகி, ப்ளே-ஆஃபில் ஒரே அடியில் தோற்றார்.

கல்யாணத்திலும் அம்பயர் இல்லை. ஆனால், இங்கே அவரவர் எண்ணுவது அடுத்தவர் தப்பை!

முதலில் ஒப்புக்கொண்டால் தோற்றுவிடுவோமே என்கிறீர்களா? வாஸ்தவம். ஜோன்ஸ் தோற்றார். ஆனால், அவர் எதிரே நின்றவர் போட்டியாளர்.

உங்கள் எதிரே நிற்பவர் யார்?