திரையில் எழும் சொல்

நமது பங்கின் விவிலிய வகுப்புக்குக் கணினியும் புரொஜக்டரும் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கரும்பலகையில் பாலஸ்தீன வரைபடத்தைக் கோணல்மாணலாக வரைந்து, கலிலேயாவை எருசலேமுக்கு அருகில் வைத்துவிட்டுத் தவித்த காலம் போயிற்று. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அத்திரை நம் மனச்சான்றில் எழுப்பிய ஒரு வினாவை வாசக அன்பர்களோடு பகிர விழைகின்றோம்.

பாஸ்கா காலத்து மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டின் நற்செய்தி யோவான் 21. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் பேதுருவிடம், தம்மீது அன்பு உண்டா என மும்முறை வினவுகின்றார். அவ்வார வகுப்பில் கிரேக்க மூலத்தையும் தமிழையும் திரையில் அருகருகே நிறுத்தினோம். ஆண்டவர் முதல் இருமுறை வினவுகையில் 'அகபாவோ' என்னும் வினை. பேதுருவின் விடையில் 'பிலேயோ'. மூன்றாம் முறை ஆண்டவரும் 'பிலேயோ' என்றே வினவுகின்றார். ஒன்றைச் சிவப்பிலும் மற்றதை நீலத்திலும் காட்டினோம். முன்னது தன்னையே கையளிக்கும் அன்பு, பின்னது நண்பரிடையே நிலவும் பாசம். பேதுருவால் ஏற முடியாத உயரத்திலிருந்து ஆண்டவர் இறங்கி வந்தார் என விளக்கினோம். அரங்கம் அமைதியில் ஆழ்ந்தது. சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

வகுப்பு முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வியப்போடு வந்து, "சாமி, குருமடத்தில் கிரேக்கமும் கற்பிப்பார்களா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். அது உண்மைதான். ஓராண்டு கற்றோம், தேர்வும் எழுதினோம். இன்று எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் எஞ்சவில்லை. அதனை நாம் சொல்லவில்லை.

அன்றிரவு அந்த "ஆம்" நம்மை உறங்க விடவில்லை. அதே மென்பொருளில் அவ்விரு வினைகளும் வரும் இடங்களையெல்லாம் தேடினோம். தந்தை மகன்மீது கொண்ட அன்பை யோவான் 3:35 ஒரு வினையாலும், 5:20 மற்ற வினையாலும் கூறுகின்றது. இயேசு அன்பு செய்த சீடரைக் குறிக்கையிலும் 13:23இல் ஒன்று, 20:2இல் மற்றொன்று. ஆடுகளைப் பேணச் சொல்லும் கட்டளையிலும் இந்நற்செய்தியாளர் சொற்களை மாற்றி மாற்றியே ஆள்கின்றார். இன்னும் திகைப்பு: பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், 2 சாமுவேல் 13இல், தாமார்மீது அம்னோன் கொண்ட இழிந்த வேட்கைக்கும் 'அகபாவோ'வே ஆளப்பட்டுள்ளது! இரு சொற்களுக்கும் வேறுபாடு காணும் அறிஞர் இன்றும் உளர் என்பது மெய்யே. ஆனால் நாம் காட்டிய உறுதிக்கு அங்கே இடமில்லை.

குறை கருவியினுடையதா? திருச்சபைக்கு இத்தகைய கருவிகள் புதியன அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பாரிசில் தொமினிக்க சபைத் துறவியர், செர் நகர் ஹியூகோவின் தலைமையில், விவிலியச் சொற்கள் வரும் இடங்களைத் தொகுத்தனர். இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா, புனித அக்குவினாசின் சொற்களைத் தொகுக்க 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியை நாடினார். இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் சொல்லைத் தொட்டதும் தோன்றும் எண், ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவிலிருந்து வருவது. அவ்வெண்ணின் அருகே ஓரிரு வரிகளில் பொருள் நிற்கும். அவ்வளவையே நாம் வாசித்திருந்தோம்.

கரும்பலகையில் தெரியாததை எழுதினால் கை தடுமாறும். மக்கள் அதைக் கண்டுகொள்வர். திரை தடுமாறுவதில்லை. பத்தாண்டுகள் கற்றதும் பத்து நிமிடங்களுக்கு முன் தொட்டதும் அதில் ஒரே பொலிவோடு எழுகின்றன. புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி ஆராய்ந்தபோது, சொல்லின் பிழையைவிட உள்ளத்தின் இரட்டை நிலையையே கூர்ந்து நோக்கினார். அவ்வளவுகோலால் அளந்தால் நமது "ஆம்" தேறுமா?

உடன் குரு ஒருவர் நம்மை மறுத்தார். எல்லா அறிவும் பெற்றுக்கொண்டதுதானே, மருந்தின் வேதியியல் அறிந்தா மருத்துவர் ஒவ்வொன்றையும் தருகிறார் என்றார். மறுப்பில் நியாயம் உண்டு. இரவல் நகை அணிந்து திருமணத்துக்குச் செல்வதில் குற்றமில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பவரிடம் புன்னகைத்து நகர்வதில்தான் சிக்கல். போதிப்பவர்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை, அவர்கள் சரிபார்க்க இயலாத இடத்தில்தான் மிகுதி. ஆகவே அங்கேதான் நமது கடனும் மிகுதி எனத் துணிகின்றோம்.

அடுத்த வகுப்பில் மேற்சொன்ன வசனங்களையெல்லாம் திரையில் காட்டினோம். சென்ற வாரம் கூறியது உறுதியன்று என்றும், கிரேக்கத்தை நாம் மறந்து நெடுநாளாயிற்று என்றும் சொன்னோம். ஆசிரியர் தலையசைத்தார். குறிப்பெடுத்திருந்த பெண்மணி ஒருவர், எழுதியதை அடித்துவிடவா எனக் கேட்டார். "அடிக்க வேண்டாம் அம்மா, பக்கத்தில் 3:35 என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றோம்.

"அப்படியானால் பேதுரு ஏன் மனம் வருந்தினார்?" என்று அவரே மீண்டும் வினவினார். தத்தம் விவிலியத்தையே பார்க்கச் சொன்னோம். மூன்றாம் முறையும் கேட்டதால் என்று வசனமே சொல்கிறதே என்றார் ஒருவர். மறுதலித்ததும் மும்முறை அல்லவா என்றார் மற்றொருவர். பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி, "அன்னைக்கும் கரி நெருப்புதான் சாமி, இங்கேயும் கரி நெருப்பு" என்றார்.

மென்பொருளில் தேடினோம். கரி நெருப்பைக் குறிக்கும் அக்கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகின்றது: யோவான் 18:18, 21:9. இரண்டையும் திரையில் அருகருகே நிறுத்தி, யார் கண்டுபிடித்தது என்பதையும் சொன்னோம்.