ஆர்த்தி

துன்பம், நோய் என்றுதான் அகராதியில் பொருள் போட்டிருக்கும். தீபம் காட்டுகிற ஆரத்தியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஸ்ரீரங்கத்து வைணவ வழக்கில் இந்தச் சொல் இன்னும் கூர்மையானது: இனி ஒரு நாளும் பிரிந்திருக்க முடியாது என்கிற பதைப்பு.

*

சரணாகதி செய்தவர்களில் இரண்டு வகை சொல்வார்கள். இந்த உடம்பு விழுகிறபோது மோட்சம் கிடைத்தால் போதும் என்று காத்திருப்பவன் திருப்தன். இப்போதே வேண்டும் என்று துடிப்பவன் ஆர்த்தன். பொறுமை இல்லாதவனுக்கென்று ஒரு மரியாதையான பெயர் வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

*

வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள் பிறந்தது 1370இல். அடுத்த ஆண்டுதான் ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாள், 48 ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்துவிட்டு, ஸ்ரீரங்கம் திரும்பினார். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்து மாமுனிகளும் இங்கேயே தங்கிவிட்டார். திருவாய்மொழி உரையான ஈட்டை வைத்து அவர் சொன்ன காலட்சேபத்தைப் பெருமாளே ஓராண்டு உட்கார்ந்து கேட்டார் என்பது மரபு.

ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனாலும் கடைசிக் காலத்தில் அவர் பாடியது ஆர்த்திப் பிரபந்தம். அறுபது பாசுரங்களிலும் ஒரே கேள்விதான்: என்னை எப்போது அழைத்துக்கொள்வாய்?

அதைப் பெருமாளிடம் கேட்கவில்லை, ராமானுஜரிடம் கேட்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டவரிடம், தகப்பனிடம் பிள்ளை முறையிடுவதுபோல. கோயிலுக்குள், உடையவர் என்று அழைக்கப்படும் ராமானுஜரின் சன்னதியில், அவர் திருமேனி இன்றும் உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறது. அங்கே நிற்கும்போதுதான் இந்த உரிமை எனக்குக் கொஞ்சம் பிடிபடுகிறது. காதில் விழும் தூரத்தில் இருப்பவரைத்தானே இப்படிக் கூப்பிட முடியும்.

*

திருச்சி ஆஸ்பத்திரிகளிலிருந்து, மருந்துச் சீட்டும் கையுமாக, 1ஆம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பும் பாட்டிமார் அடிக்கடி சொல்வது: "பெருமாள் இன்னும் கூப்பிடமாட்டேங்கறாரே."

இது அலுப்பு, ஆர்த்தி ஆகாது என்று பண்டிதர்கள் பிரித்துவிடலாம். சாக விரும்புவது வேறு, ஒருவரிடம் போய்ச்சேரத் தவிப்பது வேறு, அது சரிதான். ஆனால் முட்டி வலியில் முனகுகிற அந்தக் குரலில் எது முடிந்து எது தொடங்குகிறது என்று என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. கிழிக்க மனமும் இல்லை. ஆர்த்தன் என்ற பெயருக்கே இன்னொரு பொருளும் உண்டு: பக்தர்கள் நான்கு வகை என்று கீதை சொல்லுமிடத்தில், முதலில் நிற்பவன் ஆர்த்தன். அவன் யார் என்று ராமானுஜர் தம் உரையில் விளக்குகிறார்: இருந்த செல்வமும் நிலையும் போய், அவற்றைத் திரும்பக் கேட்டு வருபவன்.