அதிகம் வாங்கினவன் ஏமாந்தவனா?



வியாபாரத்தில் அநீதி எது என்று கேட்டால், கள்ளத் தராசு, கலப்படம், பொய்க் கணக்கு என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஏழாம் கற்பனை நமக்கு அவ்வளவு தெளிவு. ஆனால் ஒரு தேசம் மற்றொரு தேசத்தோடு வியாபாரம் செய்யும்போது அதே கற்பனை செல்லுமா? செல்லும் என்பதில் சந்தேகமே இல்லை. தேசமாய்க் கூடினோம் என்பதற்காக மனிதர் மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட முடியாது. நடந்த ஒரு காரியத்தைக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லெசோத்தோ என்றொரு சிறு மலைநாடு உண்டு. ஜனத்தொகை சுமார் 23 லட்சம். அங்கே ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் தையல் ஆலைகளில் ஜீன்ஸ் முதலான உடுப்புகளைத் தைத்து ஜீவனம் செய்துவந்தார்கள். 2000-ம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தினால் அந்த உடுப்புகள் தீர்வையின்றி அமெரிக்காவுக்குப் போய்வந்தன. 2024-ல் அமெரிக்கா அந்நாட்டிலிருந்து வாங்கிய சரக்கு சுமார் 23 கோடியே 70 லட்சம் டாலர். அந்நாட்டுக்கு விற்றதோ சுமார் 28 லட்சம் டாலர்.

2025 ஏப்ரல் 2-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் உலக நாடுகளின்மேல் இறக்குமதித் தீர்வை அறிவித்தபோது, லெசோத்தோவுக்கு விழுந்தது 50 சதவீதம். எப்படி வந்தது இந்த எண்? வாங்கினதில் விற்றதைக் கழித்து, மிச்சத்தை வாங்கின தொகையால் வகுத்தார்கள். 99 சதவீதம் வந்தது. அதில் பாதியைத் தீர்வையாக்கினார்கள். லெசோத்தோ அமெரிக்கச் சரக்கின்மேல் 99 சதவீதம் சுமத்துவதுபோல அட்டவணையிலும் காட்டினார்கள். அந்நாடு அப்படியொரு தீர்வை வாங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இது நிறுத்தி வைக்கப்பட்டு, ஆகஸ்டில் 15 சதவீதமாயிற்று. அதற்குள் ஆர்டர்கள் நின்றுபோய், தையற்காரிகள் பலர் வேலை இழந்தார்கள். ஜூலையில் அந்நாட்டு அரசாங்கம் வேலையின்மைக்காக தேசியப் பேரிடர் நிலையையே அறிவித்தது.

இங்கே எழும் முதற் கேள்வி: விற்றதைவிட அதிகம் வாங்கினவன் ஏமாற்றப்பட்டவனா?

ஒரு வாத்தியார் வருஷமெல்லாம் மளிகைக் கடையில் சாமான் வாங்குகிறார். கடைக்காரர் அவரிடம் ஒரு காசுக்கும் எதுவும் வாங்குவதில்லை. இதில் களவு எங்கே? பணம் கொடுத்தார், அரிசி பருப்பு பெற்றார். அமெரிக்கர் டாலர் கொடுத்தார்கள், நல்ல உடுப்புப் பெற்றார்கள். ஏழைத் தையற்காரி திரும்ப அமெரிக்க மோட்டார் கார் வாங்கவில்லை என்றால், அது அவளுடைய வறுமையேயன்றி வஞ்சகமல்ல. ஒரு தேசம் உலகம் முழுவதோடும் நெடுங்காலம் வரவுக்கு மிஞ்சி வாங்கினால், கடன் ஏறும், சொத்து கைமாறும். அது கவலைப்பட வேண்டிய காரியமே. ஆனால் அது அந்த வீட்டின் சிக்கனத்தைப் பற்றிய கேள்வி. அதற்காக ஒரு கடைக்காரரைத் திருடன் என்பது நியாயமாகாது.

"அமெரிக்கத் தொழிலாளி வேலை இழந்தானே, அவன் கண்ணீருக்கு விலையில்லையா?" என்பீர்கள். உண்டு. ஆலை மூடின ஊரின் துயரம் எந்தத் தேசத்திலும் துயரமே. தன் ஜனங்களின் பிழைப்பைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. தீர்வை வாங்குவது தன்னிலே பாவமல்ல. நம் தேசமும் வாங்குகிறது. அடக்க விலைக்கும் கீழே சரக்கைக் கொட்டிப் பிறர் தொழிலைக் கெடுக்கிறவர்மேலும், அடிமை வேலை வாங்குகிறவர்மேலும் தீர்வை போடுவது நீதியே. ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் மெய்யாயிருக்க வேண்டும்; சுமை அளவாயிருக்க வேண்டும்; தாங்கமாட்டாதவன் தோளில் அது முதலில் விழக்கூடாது. லெசோத்தோ விஷயத்தில் இம்மூன்றும் தவறின.

அப்படியானால் தீர்வையே இல்லாத வியாபாரம் எல்லாம் நீதியானதா? அதுவும் இல்லை. பசித்த தொழிலாளி அற்பக் கூலிக்குச் சம்மதித்தான் என்பதனால் மட்டும் அந்தக் கூலி நியாயமாகிவிடாது என்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் போதித்தார். 1967-ல் 6-ம் சின்னப்பர் பாப்பானவர் அதே போதனையைத் தேசங்களுக்கும் பொருத்தினார். பலத்தில் மிகவும் ஏற்றத்தாழ்வுள்ள இருவருக்குள் சம்மதம் மாத்திரம் போதாது என்றார். ஆகையால் தீர்வை நீங்கினாலும், தைத்தவளுடைய கூலி அவள் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போதுமா என்று கேட்க நாம் கடமைப்பட்டவர்கள்.

2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் அமெரிக்கத் தீர்வை 50 சதவீதமானபோது, திருப்பூர் பனியன் தொழிலாளிகளுக்காக நாம் எல்லாரும் அநியாயம் என்றோம். சரியே. நமக்கு வலிக்கும்போது அநியாயம் என்கிற நாம், நம்மிலும் எளியவருக்கு என்ன செய்கிறோம்? மிகவும் பின்தங்கிய நாடுகளின் பெரும்பாலான சரக்குகளுக்கு இந்தியா 2008 முதல் தீர்வைச் சலுகை கொடுத்துவருகிறது. அது நல்ல காரியம். அதற்காகச் சந்தோஷப்படுவோம், அது குறையாதிருக்கவும் விரும்புவோம்.

பெரிய தேசங்களின் அட்டவணை நம் கையில் இல்லை. ஆனால் வாசலில் கூடையை இறக்கும் கீரைக்காரியோடு பேசும் பேரம் நம் கையில் இருக்கிறது. பொழுது சாய்ந்துவிட்டது, கீரை வாடுகிறது, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவாள் என்று நமக்குத் தெரியும். அவள் சம்மதித்தாள் என்பது மாத்திரம் போதுமா? இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

உங்கள் பங்குக் குரு