வாடகைத்தாய்ச் சட்டமும் தம்ம நெறியும்

நமது அடுகோடியில், 1923ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இன்றும் நிலைபெற்றுள்ளது. அதே பகுதியில், கால்நடைகளின் ஊட்டத்தையும் உடலியக்கத்தையும் ஆராயும் தேசிய நிறுவனமும் 1995 முதல் இயங்கி வருகின்றது. கால்நடை அறிவியலில் கருமாற்றம் என்றொரு முறையுண்டு. உயர்ந்த இனப் பசுவின் கருவை எடுத்துச் சாதாரணப் பசுவின் கருப்பையில் வைப்பர். அப்பசு அக்கன்றைச் சுமந்து ஈனும். அதனிடம் எவரும் இசைவு கேட்பதில்லை, கேட்கவும் இயலாது. அம்முறையே மானிடப் பெண்ணிடம் வரும்போது, அவள் ஒரு கருப்பை மட்டுந்தானா, அன்றி மனமும் சொல்லும் உடைய ஒருத்தியா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மகப்பேறின்மை எளிய துயரன்று. அதற்கு மருத்துவம் கண்ட வழியோ மிக அண்மைக் காலத்தது. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில், உடலுக்கு வெளியே கருவான முதற்குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் நம் நாட்டிலும் அவ்வாறே ஒரு குழந்தை பிறந்தது. அவர் கூற்றை அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1994இல் சென்னையில் வாடகைத்தாய் வழியே குழந்தை பிறந்தது. பின்னர் இது பெருவணிகமாக வளர்ந்தது. 2008இல் குஜராத்தின் ஆனந்த் நகரில், ஜப்பானியத் தம்பதியருக்காக ஒரு பெண்மகவு பிறந்தது. அது பிறக்குமுன்னரே அவர்கள் மணமுறிவு செய்துகொண்டனர். எந்நாட்டுக் குழந்தை என்று கூறவொண்ணாத நிலையில் அச்சிசுவின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அடுத்த ஆண்டே சட்ட ஆணையம் தன் 228ஆவது அறிக்கையில், வணிக வழியைத் தடைசெய்யுமாறு கூறிற்று. 2015இல் அயல்நாட்டார்க்கு இவ்வாயில் அடைக்கப்பட்டது. 2021 டிசம்பரில் நிறைவேறிய வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டமும், செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் சட்டமும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தன.

இச்சட்டங்கள் கூறுவன யாவை? கருவைச் சுமப்பதற்கு விலையும் கூலியும் கூடா. மருத்துவச் செலவும், 36 மாதக் காப்பீடும், விதிக்கப்பட்ட பிற செலவுகளுமே கொடுக்கத்தக்கன. சுமப்பவள் மணமானவளாய், தனக்கென ஒரு குழந்தை உடையவளாய், 25 முதல் 35 வயதிற்குட்பட்டவளாய் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் சுமக்கலாம். கருமுட்டை அளிப்பவள் 23 முதல் 35 வயதுடையவளாதல் வேண்டும். அவளும் ஒரு முறைதான் அளிக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுத்தலாகாது. வணிகம் செய்வோர்க்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. பிறந்த குழந்தையை, அதை வேண்டிப் பெற்றோர் எக்காரணங் கொண்டும் கைவிடலாகாது.

விலையை விலக்கியமட்டில் இச்சட்டம் தம்மத்தோடு ஒத்து நிற்கின்றது என்பதே நம் கருத்து. உபாசகர் செய்யத்தகாத வாணிகம் ஐந்தென பகவன் புத்தர் வகுத்தருளினார். படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்பன அவை. இவற்றுள் உயிர் வாணிகம் என்பது மக்களை விற்றலையும் தன்னுள் அடக்கும். குழந்தையை விற்பதில்லை, உழைப்பையே விற்கின்றோம் என்று சிலர் வாதிப்பர். ஆயினும் குழந்தையைக் கையளித்த பின்னரே பணம் முழுதும் தரப்படும் ஏற்பாட்டில், விலை எதற்கு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் விலையை நீக்கிவிட்டால் குற்றமும் நீங்கிவிடுமா? இங்கேதான் நாம் நின்று நோக்கல் வேண்டும்.

2023ஆம் ஆண்டு பெங்களூரில் நமது மாநில உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கணவருக்கு அகவை 57, மனைவிக்கு 45, அவருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. 23 வயதான தங்கள் ஒரே மகனை 2022 டிசம்பரில் அவர்கள் இழந்தனர். மீண்டும் ஒரு மகவை வேண்டியபோது, கணவரின் அகவை 55ஐக் கடந்தமையால் சட்டம் குறுக்கே நின்றது. நீதிபதி எம். நாகபிரசன்னா அவர்களின் துயரைப் புறக்கணிக்கவில்லை. மரபணு, உடல்வலிமை, பொருள்நிலை ஆகிய மூவகைச் சோதனையால் அத்தம்பதியரின் தகுதியை ஆராயலாமென வழி காட்டினார். பிறக்கும் குழந்தை நலிந்த கைகளில் விடப்படாமலும் வறுமையில் வாடாமலும் இருத்தல் வேண்டுமென்பதே அதன் நோக்கம். இம்மூன்றும் நேரிய வினாக்களே. கிசா கோதமி இறந்த மகவைத் தோளிற் சுமந்து வந்தபோது பகவன் அவளை இகழ்ந்தாரில்லை. மகனை இழந்த எவர் துயரையும் இகழ நமக்கும் உரிமையில்லை.

எனினும் அம்மூன்று வினாக்களும் குழந்தையை வேண்டுவோரைப் பற்றியன. தம்மம் நான்காவது வினா ஒன்றை எழுப்பும். சுமக்கப் போகின்றவள், ‘இல்லை’ என்று சொல்ல வல்லவளா?

அயலாள் ஒருத்தி பணத்திற்காக ஒப்புங்கால் அவளை வறுமை நெருக்குகின்றது. பணமின்றி உறவினள் ஒப்புங்காலோ அவளை வீடே நெருக்கலாம். தமையன் மனைவிக்குக் குழந்தையில்லை. தம்பி மனைவிக்கு இரண்டுண்டு. மாமியார் கண்ணீர் விடுகின்றார். கணவன் மௌனமாய் இருக்கின்றான். அந்த மௌனமே ஆணையாகிவிடுகின்றது. 2019இல் வந்த மசோதா, நெருங்கிய உறவினளே சுமக்கவேண்டுமெனக் கூறிற்று. மாநிலங்களவையின் தெரிவுக்குழு அதனை மாற்றி, மனம் இசைந்த எப்பெண்ணும் சுமக்கலாமென்று பரிந்துரைத்தது நலமே. சட்டத்தின் 42ஆவது பிரிவும் இவ்வச்சத்தை உணர்ந்தே எழுதப்பட்டது. கணவனோ, குழந்தை வேண்டுவோரோ, பிற உறவினரோ அவளை நிர்ப்பந்தித்தனர் என்றே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை நீதிமன்றம் கொள்ளவேண்டுமென அது கூறுகின்றது.

வீட்டாரே பகையாகும் நிலையும் உண்டு. 2022இல் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியொருத்தியின் கருமுட்டைகள், போலி அடையாள அட்டையால் அகவையைக் கூட்டிக் காட்டிப் பன்முறை எடுத்து விற்கப்பட்டமை வெளிப்பட்டது. கைது செய்யப்பட்டோருள் பெற்ற தாயும் ஒருத்தி. படிவத்தில் கையொப்பம் இருந்தது என்பதால் இசைவும் இருந்தது என்று எவர் துணிந்து கூறுவர்?

தானத்தின் பெருமை கொடுக்கப்படும் பொருளில் இல்லை. கொடுப்பவர் சித்தத்தில் உள்ளது. கொடுக்குமுன் மகிழ்ச்சியும், கொடுக்கும்போது தெளிவும், கொடுத்தபின் நிறைவும் உடையதே தானமென்பது தம்மம். மறுத்தால் வீட்டில் நிலைக்க முடியாது என்னும் அச்சத்தாற் கொடுப்பது தானமன்று; அது வரி. விலையின்றிப் பெற்றோம் என்று மகிழ்வோர், வரியாகப் பெற்றோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

அங்ஙனமாயின் கூலி கொடுத்தலே நேர்மையன்றோ என்று சிலர் வினவுவர். இவ்வினாவை எளிதில் தள்ளுதல் கூடாது. மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, மருத்துவமனைக்கு வருவாய் உண்டு, சுமப்பவளுக்கு மட்டும் புகழுரைதானா என்பது நியாயமான கேள்வி. மச்சிம நிகாயத்தில் பகவன், தாய் பெருங்கவலையோடு ஒன்பது பத்துத் திங்கள் சுமப்பதையும், பின்னர்த் தன் குருதியால் வளர்ப்பதையும் கூறி, தாய்ப்பாலையே குருதி என்றருளினார். குருதிக்கு விலை கூறலாகாது. ஆனால் விலை வேறு, கடன் வேறு. சிகாலருக்கு உரைத்த அறவுரையில், ஊழியர்க்குத் தலைவன் ஆற்றவேண்டிய கடமைகளுள் வலிமைக்கேற்ற வேலை, உணவு, ஊதியம், நோயிற் பராமரிப்பு, ஓய்வு என்பன உள. கூலிக்கு உழைப்பவர்க்கே இத்துணை கடன்பட்டவர், கூலியின்றித் தம் குழந்தையைச் சுமப்பவளுக்கு எத்துணை கடன்பட்டவர்! அவள் இழந்த வருவாய்க்கு ஈடும், அவள் பிள்ளைகளின் பராமரிப்பும், பிற்கால நோய்க்கு மருத்துவமும் உறுதியாகக் கிடைத்தல் வேண்டும். இவற்றை விலையெனக் கருதாது கடனெனச் சட்டம் ஐயமறக் கூறுதல் நன்று.

மற்றொன்றும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. தம் வித்தே வேண்டும், தம் இரத்தமே வேண்டும் என்னும் பற்று இத்துறையை ஆட்டிவைக்கின்றது. கருமுட்டை கொடுப்பவளின் சாதியையும் நிறத்தையும் கேட்போர் உளர். நம் மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரனை நினைமின். பெற்ற தாய் அவனை இட்டு நீங்கினாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்தது. இளம்பூதி எடுத்து வளர்த்தான். அவன் பிறப்பைச் சொல்லி ஊரார் இகழ்ந்தனர். அவன் கையிலிருந்தே அமுதசுரபி உலகின் பசியைத் தீர்த்தது. மாயாதேவி மறைந்தபின் சித்தார்த்தரை வளர்த்தவரும் சிற்றன்னையாகிய மகாபிரஜாபதி கோதமியே. பெற்றவள், சுமந்தவள், பால் கொடுத்தவள், வளர்த்தவள் என்று தாய்மை பல கைகளில் பகிரப்படலாம். அவற்றுள் ஒன்றை மட்டும் தாய்மையென்று கொண்டு, பிறவற்றைக் கருவியென்று தள்ளுதல் பேதைமை.

ஆதலின் நம் அன்பர்கள் இல்லங்களில் இத்தகைய வேண்டுகோள் எழுமாயின் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அப்பெண்ணைப் பெரியோர் எவரும் அருகில் இல்லாதவிடத்து, அவளுக்கு விளங்கும் மொழியில் வினவுமின். கருவைப் பதிக்கும் முன்னர் தன் இசைவை அவள் திரும்பப் பெறலாம் என்று சட்டமே உரிமை தந்திருப்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லுமின். அவள் மனமார இசைவாளாயின் அவளை வணங்கி, அவளுக்குரிய கடனைக் குறைவின்றி ஆற்றுமின். ‘இல்லை’ என்பாளாயின் காரணம் கேளாதீர். அச்சொல்லுக்குக் காவலாய் நின்று, அதன்பொருட்டு அவ்வீட்டில் அவளுக்கு ஒரு பிடி சோறும் ஒரு நற்சொல்லும் குறையாமற் பார்த்துக்கொள்ளுமின்.