பெயரில்லாத மணிகள்

சில கண்ணாடி மணிகளின் மேல் விரலை ஓட்டினால் சின்னச்சின்ன மேடுகள் தட்டுப்படும். களிமண் பூசிய கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி, அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழையால் புள்ளி வைக்கிறார்கள். சூடு மிஞ்சினால் புள்ளி அமிழ்ந்துவிடும், போதாவிட்டால் உதிர்ந்துவிடும். சுடரிலிருந்து எப்போது விலக்குவது என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. நான் அதை அறிவு என்பேன். ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து செய்தால் உலகம் அதைக் 'கைவேலை' என்கிறது.

வெனிஸில் சுடர்முன் மணி செய்த பெண்களைப் 'பெர்லேரே' என்றார்கள்; கோத்துக் கொடுத்தவர்களை 'இம்பிராரெஸ்ஸே' என்றார்கள். மணி கோத்தவர்கள் 1904-ல் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனால் பெயரோடு நினைவில் நிற்பவர் முரானோவின் மரியெத்தா பரோவியேர். புகழ்பெற்ற கண்ணாடிக் கலைஞரின் மகள். 1487-ல் தனக்கென்று சிறிய உலை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர். அவரைக் கொண்டாடுவோம். ஆனால் ஒருத்தியின் பெயர் இத்தனை பேரின் பெயரின்மைக்கு ஈடாகுமா?

ஆகாது என்றே நினைக்கிறேன். விதிவிலக்கான ஒருத்தியைப் புகழ்வதில் யாருக்கும் செலவில்லை. மற்றவர்களுக்கு உரிய கூலி கொடுப்பதில் செலவு உண்டு. அதனால்தான் முதலாவது எளிதாக நடக்கிறது. கடையில் மணிமாலையை எடுத்துப் பார்க்கும் நாம் விலையை மட்டும் கேட்கிறோம். செய்தவளுக்கு அதில் எவ்வளவு போகிறது என்றும் கேட்க வேண்டும்.