கடல் கடந்தவரின் கடன்

பிறந்த மண்ணின் சோற்றை உண்டு, அம்மண்ணின் கல்லூரியில் பயின்று, பின்னர் வேற்று நாட்டில் குடியேறி அங்கே அறிவியலை வளர்ப்பவரை எவ்வாறு மதிப்பிடுவது? நன்றி மறந்தவர் என்பர் ஒரு சாரார். அறிவுக்கு எல்லை ஏது என்பர் மற்றொரு சாரார். சென்ற ஆண்டு வரை நான் முதற்சாராரின் பக்கம் நின்றவன். அண்ணன் மகன் ஆராய்ச்சிக்காக அமெரிக்கா செல்ல விரும்பி, "சித்தப்பா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டபோது, "நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு அயலாருக்கு உழைக்கப் போகிறாயா?" என்று எழுதினேன். அவன் மறுமொழி எழுதவில்லை. பிழைப்பிற்காகக் காவிரிக் கரையை விட்டு யமுனைக் கரைக்கு வந்த குமாஸ்தா ஒருவன் இவ்வாறு எழுதியதில் உள்ள வேடிக்கை எனக்கு அப்போது தோன்றவுமில்லை.

என் கருத்தை அசைத்தது ஒரு மாத்திரையின் நினைவு. கும்பகோணத்துப் பக்கம் யானைக்கால் நோய் மிகுந்திருந்த நாட்களில், இரத்தம் எடுக்கச் சுகாதார ஊழியர்கள் இரவில்தான் வருவார்கள். அந்நோயின் புழுக் குஞ்சுகள் இரவிலேயே இரத்தத்தில் மிகுதியாக நடமாடும் என்பது காரணம். உறக்கத்திலிருந்து எழுப்பி விரல் நுனியில் குத்துவார்கள். எனக்குப் பன்னிரண்டு நாட்கள் மாத்திரை தந்தார்கள். ஏற்கெனவே வீங்கிப் பெருத்துவிட்ட பாட்டியின் கால் எம்மருந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. என் கால்கள் தப்பின.

டைஎதில்கார்பமசின் என்னும் அம்மருந்து 1947-ல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அங்கு ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதராடை அணிந்து அறுவைக் கூடத்திற்கு வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமல் தாழ்ந்த தரச் சான்றிதழுடன் வெளியேறியவர். 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர். பாஸ்டனுக்குச் சென்று, மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளைத் தூய்மை செய்தும் வயிறு வளர்த்தார். 1945-ல் அவருடைய குழுவினர் செயற்கையாக உருவாக்கிய ஃபோலிக் அமிலம் அதே ஸ்ப்ரூவுக்கு மருந்தாயிற்று. வினாவைத் தந்தது கோதாவரி மாவட்டத்து வீடு. விடை காண மேசையும் குடுவையும் தந்தது அயல்நாடு. இதில் எவருடைய பங்கு பெரிதென்று எந்தத் தராசில் நிறுப்பது?

அவரை ஏற்ற நாடேனும் நன்றியுடன் நடந்ததா? இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல்தான் சட்டம் அக்கதவைச் சிறிது திறந்தது. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் இணைந்து, உடலில் பாஸ்பரஸை அளக்கும் முறையையும் தசையின் ஆற்றல் பற்றிய அரிய உண்மைகளையும் கண்டவருக்கு அங்கே நிலையான பேராசிரியப் பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லிக்குச் சென்றார். அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரினைக் கொண்டு இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நலம் காண முடிந்ததென 1948-ல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார், அந்நாட்டுக் குடிமகனாகாமலே.

பட்டம் தர மறுத்த இடமும், குடியுரிமை தர மறுத்த இடமும் அவரிடம் நன்றிக்கடன் கேட்பது முறையாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாடு என்ற பெயரால் நாம் பேசும் கடனை அவர் வட்டியுடன் தீர்த்துவிட்டார். அதற்கு என் கால்களே சாட்சி.

ஆயினும் அவர் ஒருவருக்குக் கடன்பட்டே மறைந்தார். ஊரில் விட்டுச் சென்ற மனைவியிடம் அவர் திரும்பவே இல்லை. அவர் சென்றபின் பிறந்த மகன், தந்தை முகம் காணாமலே குழந்தைப் பருவத்தில் இறந்தான். ஆயிரம் மருந்துகளைக் கண்டறிந்தாலும் அந்தப் பெண்மணியின் கணக்கில் எதை வரவு வைப்பது? அக்கேள்வியைக் கேட்கும் உரிமை மட்டும் எனக்குப் பொருளுடையதாகப் படுகிறது. அயல்நாடு சென்றோரைப் பழிப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை என்பது வியப்பு.

அண்ணன் மகனுக்குச் சென்ற மாதம் மீண்டும் எழுதினேன். முன்பு எழுதியதற்கு வருத்தம் தெரிவித்தேன். போ என்றோ இரு என்றோ எழுதவில்லை. அண்ணியார் மூட்டுவலியால் மாடிப்படி ஏற இயலாதிருப்பதைக் குறிப்பிட்டு, அவரை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.