கடனாளியான கண்ணன்

துன்பத்தில் வீழ்ந்தவரைக் காண வரும் உற்றாரும் நண்பரும் பெரும்பாலும் ஒரு காரணத்தைக் கையோடு கொண்டு வருகின்றனர். "முன்வினைப் பயன்" என்பார் ஒருவர். "நேர்ந்துகொண்டதைச் செலுத்தத் தவறியிருப்பீர்" என்பார் மற்றொருவர். "யாருக்குத்தான் துன்பமில்லை?" என்பார் வேறொருவர். சொல்வோர்க்குத் தீய எண்ணமில்லை. ஆயினும் கேட்பவர் நெஞ்சம் முன்னிலும் தனிமைப்படுகின்றது. அவ்வேளையில் நம்பிக்கைக்கு இடம் யாது?

மஹாபாரதத்தின் ஸபா பர்வம் இதற்கு வழி காட்டுகின்றது. ஹஸ்தினாபுரத்துச் சபைக்குத் திரௌபதி இழுத்து வரப்பட்டாள். ஐந்து கணவன்மாரும் தலைகுனிந்திருந்தனர். தம்மைத் தோற்ற பின்னர் தர்மபுத்திரருக்குத் தன்னைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ என அவள் வினவினாள். தர்மம் நுட்பமானது, தெளிந்து கூற இயலவில்லை என்றார் பீஷ்மர். அச்சொல் பொய்யன்று, ஆனால் அவளுக்குத் துணையாகவும் இல்லை. விதுரரும் விகர்ணனும் அவளுக்காகப் பேசினர், அப்பேச்சு எடுபடவில்லை.

மானிடத் துணை யாவும் அற்ற நிலையில் அவள் கண்ணனை அழைத்தாள். அவள் அப்போது விலக்கான நாளில் ஒற்றையாடையோடு இருந்தவள். நீராடித் தூய்மை பெற்றவளல்லள். சரணாகதிக்கு அத்தகைய நியமம் வேண்டுவதில்லை என்பதற்கு அவளையே ஸ்ரீவசனபூஷணத்தில் சான்றாகக் காட்டுகிறார் பிள்ளை லோகாசாரியர். "தகுதியற்ற நான் எவ்வாறு அழைப்பேன்?" என்று கலங்குவோர்க்கு இதனினும் பெரிய அபயம் உண்டோ?

ஆடை வளர்ந்தது, மானம் நிலைத்தது. ஆயினும் துன்பம் அன்றோடு தீரவில்லை. 12 ஆண்டு வனவாசமும் 1 ஆண்டு அஜ்ஞாதவாசமும் பின்னர் வந்தன. அவை கழிந்தபின், தூதனாக வந்த சஞ்சயனிடம் பகவான் தம் திருவுள்ளத்தைத் திறந்து காட்டினார். தொலைவில் இருந்த தம்மைக் கோவிந்தா என்று அவள் அழைத்தது, வளர்ந்து வரும் கடனாகத் தம் நெஞ்சை விட்டு அகலவில்லை என்றார். அவர் காரணம் கூறவில்லை. அவள்மேல் குறையும் காணவில்லை. ஆடை அளித்த பின்னும் தம்மையே கடனாளியாக எண்ணினார். துன்புறுவோரின் நம்பிக்கைக்கு வேர் இதுவே. துயர் இன்றே தீராமற்போகலாம். அழைத்த குரலை அவன் மறப்பதில்லை.

இன்னுமொன்று கருதத்தக்கது. திருதராஷ்டிரன் வரம் அளிக்க முன்வந்தபோது, தன்னைக் காக்க இயலாதிருந்த கணவன்மாரின் விடுதலையையே திரௌபதி கேட்டாள். மூன்றாம் வரத்தை வேண்டாவென மறுத்தாள். துணை செய்ய இயலாதாரை அவள் வெறுக்கவில்லை. அவன் துணை உண்டென்று தேறிய நெஞ்சுக்கே அப்பொறுமை கைகூடும்.

திருவிழாக் கூட்டத்தில் எம்பெருமான் திருமுன் நிற்போருள் வாய்விட்டுச் சொல்லாத துயரோடு நிற்பவர் பலர். அருகிருப்பவர் அவர்க்குக் காரணம் கற்பிக்க வேண்டா. கடன்பட்டவர்போல் உடனிருந்து, இயன்ற உதவியைச் செய்தால் போதும். கண்ணன் காட்டிய ஆறுதல் அதுவே.